‘எவ்வளவு’ என்பதோடு ‘ஏன்’ என்பதையும் சொல்லுங்கள்: ஆடிட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர்களுக்கும் ஜிஎஸ்டி ஆலோசகர்களுக்கும்,

மாதம் 20ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: “டேக்ஸ் 88,000. இன்னிக்கே கட்டணும். ஓடிபி வந்தா சொல்லுங்க.” கூடவே ஒரு சலான். அவ்வளவுதான். போன மாதம் 50,000 சொச்சம் கட்டியவர் இந்த மாதம் ஏன் 88,000 என்று கேட்டால், “டூபியில வரல சார்” என்று பதில். எது வரவில்லை, யாருடைய பில் வரவில்லை, வராத பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா? அதைக் கேட்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிடுகிறது.

பனியன் கம்பெனி, அச்சகம், ஹார்டுவேர் கடை, ரைஸ் மில் என்று பல இடங்களில் கணக்கு எழுதுபவர்கள் நாங்கள். டேலியில் நாங்கள் போடும் என்ட்ரிதான் உங்கள் ரிட்டர்னுக்கும் ஆடிட் ரிப்போர்ட்டுக்கும் அடிப்படை. முதலாளிக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கிறோம். நீங்கள் சொல்லாமல் விட்டதற்கெல்லாம் அவரிடம் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாங்களே. உங்கள் சட்ட அறிவில் எங்களுக்கு ஐயமில்லை. அந்த அறிவு எங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் எங்கள் குறை. விளக்கிச் சொல்வதை, வேலை முடிந்தபின் நேரம் இருந்தால் செய்யும் உபகாரமாகவே நினைக்கிறீர்கள். அது உங்கள் வேலையின் பாதி என்கிறோம் நாங்கள்.

அந்த 88,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 40 லட்சம், 5 விழுக்காடு வரி என்றால் கட்ட வேண்டியது 2,00,000. எங்கள் கொள்முதல் கணக்குப்படி உள்ளீட்டு வரி, அதாவது சரக்கு வாங்கும்போதே கொடுத்துவிட்டதால் கழித்துக்கொள்ளக்கூடிய வரி, 1,46,000 இருக்கிறது. மீதி 54,000 கட்டினால் போதும் என்று முதலாளி பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார். ஆனால் நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்துப் போர்ட்டல் தரும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் (நீங்கள் சொன்ன ‘டூபி’) வந்திருப்பது 1,12,000 மட்டுமே. நூல் கொடுத்த ஒருவர் 22,000 ரூபாய் வரிக்கான பில்லையும், அட்டைப்பெட்டி கொடுத்தவர் 12,000 ரூபாய் வரிக்கான பில்லையும் தங்கள் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றவில்லை. அந்த 34,000தான் வித்தியாசம். அவர்கள் அடுத்த மாதம் ஏற்றினால் நமக்கு அடுத்த மாதம் கிடைக்கும். ஏற்றாமலே இருந்து, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 கடந்துவிட்டால் ஜிஎஸ்டி சட்டத்தின் 16(4) பிரிவின்படி அது போனதுதான்.

2பி ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி போர்ட்டலில் வந்துவிடுகிறது. வரி கட்டிப் போடும் மாத ரிட்டர்னான 3பிக்குக் கடைசி நாள் 20. நடுவில் ஆறு நாள். 15ஆம் தேதி அந்த இரண்டு பெயரைச் சொன்னால், அன்றைக்கே நாங்கள் நூல்காரருக்குப் போன் போட்டு, “பில்லை ஏற்றுங்கள், அதுவரை அடுத்த செக்கில் 22,000 பிடித்து வைக்கிறோம்” என்று சொல்லியிருப்போம். பணத்தைக் கொடுத்துத் தீர்த்த பிறகு சொன்னால் எதை வைத்துக் கேட்பது? ஒரு நாள் தள்ளினால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள் சொல்வதில்லை. 88,000க்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 43 ரூபாய். தாமதக் கட்டணம் மாநிலம், மத்தி இரண்டும் சேர்த்து நாளொன்றுக்கு 50 ரூபாய். இந்த இரண்டு எண்ணும் தெரியாத முதலாளி, பதறிப்போய் நாள் வட்டிக்காரரிடம் போகிறார். தெரிந்திருந்தால் இரண்டு நாள் பொறுத்து, வர வேண்டிய பாக்கியை வசூலித்துக் கட்டியிருப்பார். தாமதம் சரியென்று நாங்கள் சொல்லவில்லை. முடிவெடுக்க வேண்டியவர் அவர், அதற்கு வேண்டிய எண்ணை அவர் கையில் கொடுங்கள் என்கிறோம்.

இது மாதாந்தர வலி. நோட்டீஸ் விஷயம் இதைவிடப் பெரியது.

ஜிஎஸ்டி பதிவு எடுத்த நாளில், ‘ஓடிபி வாங்க வசதி’ என்று உங்கள் அலுவலக மின்னஞ்சலையும் அங்கே வேலை பார்த்த ஒருவரின் செல்போன் எண்ணையும் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. துறையிலிருந்து வரும் எஸ்எம்எஸ் அவனுக்குப் போகிறது. நோட்டீஸ் போர்ட்டலில் கிடக்கிறது. அதிலும் ‘நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்’ என்று ஒரு பக்கம், ‘அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்’ என்று இன்னொரு பக்கம். முதல் பக்கத்தைத் திறந்து பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று மூடிவிட்டால், இரண்டாவதில் இருக்கும், வரி கேட்கும் நோட்டீஸான டிஆர்சி-01 யார் கண்ணிலும் படாது. பதில் போகாததால், வரியைக் கட்டச் சொல்லும் டிஆர்சி-07 உத்தரவு வருகிறது. அதுவும் அங்கேயே கிடக்கிறது. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம், அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரிக்கே ஏற்றுக்கொள்ள அதிகாரமில்லை. அதுவும் கடந்தபின், ஒரு காலை நேரத்தில் பேங்கிலிருந்து “உங்கள் கணக்கை முடக்கச் சொல்லி லெட்டர் வந்திருக்கிறது” என்று போன் வருகிறது. அன்றுதான் முதலாளிக்கு முதல் சேதி.

இப்படி வந்த ரிட் மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏராளம். ‘நோட்டீஸ் போர்ட்டலில் ஏற்றப்பட்டது தெரியாது, ஆலோசகர் சொல்லவில்லை’ என்பதே பல மனுக்களின் சாரம். பல வழக்குகளில், தகராறில் உள்ள வரியில் 10 விழுக்காட்டையோ 25 விழுக்காட்டையோ கட்டும் நிபந்தனையின் பேரில் விசாரணை மறுபடி திறக்கப்பட்டது. அதாவது, வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் பார்த்து ஒரு செய்தி அனுப்பியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டியது, வக்கீல் கட்டணம், முன்பணம், முடங்கிய ஓவர்டிராஃப்ட், திரும்பிய செக் என்று வளர்ந்து நிற்கிறது.

நோட்டீஸைக் கண்டவுடன் சொன்னால் மிச்சமாகும் பணமும் கொஞ்சமல்ல. 2023-24 வரையிலான ஆண்டுகளுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 73ஆம் பிரிவு பொருந்தும். நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் கிடையாது. உத்தரவு வரை விட்டால் வரியில் 10 விழுக்காடு அல்லது 10,000, இரண்டில் எது அதிகமோ அது. 2024-25 முதல் 74ஏ பிரிவு. அதில் அந்த அவகாசம் 60 நாள். தவறு நம்முடையதுதான் என்று தெரிகிற இடத்தில் இந்த நாள் கணக்கே எல்லாம். அது உங்களுக்குத் தெரிகிறது, எங்களுக்குத் தெரிவதில்லை.

வருமான வரிப் பக்கம் வாருங்கள். 43பி(எச்) ஏற்படுத்திய ரணம் இன்னும் ஆறவில்லை. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்த விதி அது, 2023-24 கணக்கிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிலுள்ள கெடுவில், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல் தந்துவிட வேண்டும். கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31இல் நின்றால், அந்தச் செலவு அந்த ஆண்டில் கழிக்கப்படாது, என்றைக்குக் கொடுக்கிறோமோ அந்த ஆண்டில்தான் கழியும். சாயம், காம்பாக்டிங், எம்பிராய்டரி என்று ஜாப் ஒர்க்கை நம்பி ஓடும் பனியன் தொழிலில், மூன்று மாதம் கழித்துப் பணம் தருவதே நெடுநாள் வழக்கம். அங்கே இது எப்பேர்ப்பட்ட மாற்றம்! அந்த ஏப்ரலிலேயே சொல்லியிருக்க வேண்டிய சேதி, பல இடங்களுக்கு அடுத்த பிப்ரவரியில்தான் வந்தது. சில இடங்களுக்கு ஆடிட் நடக்கும் செப்டம்பரில், ‘இதைச் சேர்த்துவிட்டோம்’ என்று வந்தது. கூட்டாண்மை நிறுவனம் ஒன்றில் இப்படி 6 லட்சம் நின்றால், 30 விழுக்காடு வரியும் 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்த்து 1,87,200 ரூபாய் கூடுதல் வரி. அடுத்த ஆண்டு கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் பணம் இந்த ஆண்டு கையை விட்டுப் போகிறது.

இதில் நீங்கள் செய்ய வேண்டியிருந்தது சட்டப் பிரிவை பிடிஎஃப்பாக அனுப்புவதல்ல. “டிசம்பர் 31 தேதியிட்டு, நீங்கள் பணம் தர வேண்டியவர்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவரிடமும் உத்யம் சான்றிதழ் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) வாங்குங்கள். குறுவா, சிறியதா, நடுத்தரமா என்று பாருங்கள், நடுத்தரம் என்றால் இந்த விதி இல்லை. உற்பத்தியா, சேவையா, வெறும் வியாபாரமா என்று குறியுங்கள், வியாபாரி என்றால் எங்களிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி 45 நாள் என்று போடுங்கள். பிறகு பில் தேதி வாரியாக அடுக்கி, முதலில் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.” நான்கைந்து வாக்கியம். இந்த நான்கைந்து வாக்கியம் சரியான மாதத்தில் வந்திருந்தால் போதும்.

உங்கள் அலுவலகம் எங்களைக் கேட்கும் கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடிட் நேரத்தில், உங்களிடம் பயிற்சியில் இருக்கும் ஆர்ட்டிகிள் தம்பி போன் செய்து, “அந்த 2,50,000 என்ன?” என்கிறார். எந்தத் தேதி, எந்தக் கணக்கு, வரவா செலவா எதுவும் கிடையாது. அது போன வருடம் ஏப்ரலில் வந்த பணமாக இருக்கும். 17 மாதம் ஆகிவிட்டது. அன்று வேலை பார்த்த கணக்காளரே இப்போது இல்லை. தெரியாது என்றால், விவரம் புரியாத தொகையை நிறுத்தி வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் போடுகிறார்கள், கடைசி நாளில் அது முதலாளியின் மூலதனத்துக்கோ கடனுக்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. பின்னாளில் அதிகாரி கேட்டு விளக்கம் இல்லையென்றால், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் மாட்டி, மேல்வரி, செஸ் எல்லாம் சேர்த்து 78 விழுக்காடு. இரண்டரை லட்சத்தில் 1,95,000 போய்விடும். அதே கேள்வியை மூன்று மாதத்துக்குள், “12ஆம் தேதி கரண்ட் அக்கவுண்டில் 2,50,000 வரவு, அனுப்பியவர் பெயர் இல்லை. விற்பனைப் பணமா, கைமாற்றா? கைமாற்று என்றால் கொடுத்தவரின் பான் எண்ணும் உறுதிக் கடிதமும் வேண்டும்” என்று எழுத்தில் கேட்டிருந்தால், அன்று மாலையே பதில் வந்திருக்கும்.

மொழி. இதை எழுதும்போதே எங்களுக்கு வருத்தம் வருகிறது. ‘கேஷ் லெட்ஜர்’ என்று நீங்கள் சொல்வது போர்ட்டலில் நாம் கட்டி வைத்த பணம், கடைக் கல்லாப்பெட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘கிரெடிட் லெட்ஜரில் 3 லட்சம் இருக்கு’ என்றால், அது வரி கட்ட மட்டுமே உதவும் வரவு. கேட்கிற முதலாளியோ அதை எடுத்துச் சம்பளம் போடலாமா என்று கேட்கிறார். பேங்க் பாஸ்புக்கில் நாம் போட்ட பணம் ‘கிரெடிட்’ என்று இருக்கிறது, நம் புத்தகத்தில் அதே பணம் பற்று. பேங்கின் புத்தகத்தில் நாம் கடன் கொடுத்தவர், அதனால் அப்படி என்று ஒரே ஒருமுறை சொன்னால் வாழ்நாளுக்கும் புரிந்துவிடும். ‘ரிவர்சல்’, ‘ப்ராவிஷன்’, ‘டிஸ்அலவன்ஸ்’ என்று சொல்லிவிட்டு நகர்கிறீர்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு 40 பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர், தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டலைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் கேட்க நினைப்பது ஒரே கேள்விதான்: “12 லட்சம் லாபம்னு போட்டிருக்கீங்க. பணம் எங்கே சார்?” இதற்கு அரைப் பக்கத்தில் பதில் சொல்லலாம். லாபம் 12 லட்சம். தேய்மானம் 2 லட்சம் கையை விட்டுப் போகாத செலவு, அதைச் சேர்த்தால் 14. வர வேண்டிய பாக்கி போன வருடத்தைவிட 7 லட்சம் கூடியிருக்கிறது. குடோனில் சரக்கு 3 லட்சம் கூடியிருக்கிறது. மெஷின் கடனில் அசல் 3 லட்சம் கட்டியாயிற்று. வீட்டுச் செலவுக்கு 4 லட்சம் எடுத்தாயிற்று. ஆக 17. 14 வந்து 17 போயிருக்கிறது, அந்த 3 லட்சம்தான் ஓவர்டிராஃப்டில் ஏறி நிற்கிறது. இதைக் கேட்டவர் அடுத்த நாளே பாக்கி வசூலுக்குக் கிளம்புவார். கேட்காதவர், ‘ஆடிட்டர் ஏதோ வரிக்காக லாபம் காட்டியிருக்கிறார்’ என்று நினைத்துக்கொண்டு, பேலன்ஸ் ஷீட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, பேங்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

உங்கள் தொழிலின் விதிகளே எங்கள் பக்கம் இருக்கின்றன. தணிக்கைக்கு முன் என்ன வேலை, யார் பொறுப்பு எது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது எஸ்ஏ 210 என்ற தணிக்கைத் தரநிலை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களிடம் எதையெதைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்கென்றே எஸ்ஏ 260 இருக்கிறது. உள்கட்டுப்பாட்டில் கண்ட முக்கியமான ஓட்டைகளை எழுத்தில் சொல்லச் சொல்கிறது எஸ்ஏ 265. ஒரே ஆள் பில் போட்டு, பணம் வாங்கி, என்ட்ரியும் போடுகிறார் என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஸ்டாக் எண்ணப்படவே இல்லை என்பதும் தெரியும். வாயால் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனால், பணம் கையாடப்பட்ட பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு கிளையண்ட்டை எடுக்குமுன் பழைய ஆடிட்டருக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால் தொழில்முறைக் குற்றம் என்று 1949ஆம் ஆண்டு பட்டயக் கணக்கர் சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. சக ஆடிட்டருக்குக் காட்டும் அந்த ஒழுங்கைக் கட்டணம் கொடுப்பவருக்கும் காட்டுங்கள்.

எங்கள் தரப்பில் குற்றமில்லை என்று சொல்ல மாட்டோம். 18ஆம் தேதி பில்களைப் பையில் போட்டுக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். கேட்ட விவரத்தை மறைப்பவர்களும், வருடக் கட்டணத்தை அடுத்த வருடம் தருபவர்களும் இருக்கிறார்கள். 200 பேருக்கு ரிட்டர்ன் போடும் அலுவலகத்தில் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் முடியக்கூடியதை மட்டும் கேட்கிறோம்.

ஒவ்வொரு மாதமும் 16ஆம் தேதிக்குள் தமிழில் நான்கு வரி அனுப்புங்கள்: விற்பனையும் அதற்கான வரியும், 2பியில் வந்த உள்ளீட்டு வரி, வராத பில்களின் பெயரும் தொகையும், கட்ட வேண்டிய பணம். இதற்காக விற்பனை, கொள்முதல் கணக்கை 7ஆம் தேதிக்குள் உங்களிடம் தருவது எங்கள் பொறுப்பு.

போர்ட்டலில் முதலாளியின் மின்னஞ்சலையும் செல்போனையும் இந்த மாதமே ஏற்றுங்கள். ஜிஎஸ்டியில் அது அதிகாரி ஒப்புதல் வேண்டாத சாதாரணத் திருத்தம்தான். வருமான வரி போர்ட்டலில் முதன்மைத் தொடர்பு, இரண்டாம் தொடர்பு என்று இரண்டு இடம் உண்டு, முதன்மையில் அவரும் இரண்டாவதில் நீங்களும் இருங்கள். திங்கள்கிழமைதோறும் இரண்டு நோட்டீஸ் பக்கத்தையும் பாருங்கள். ஒன்றுமில்லை என்றாலும் ‘ஒன்றுமில்லை’ என்று ஒரு செய்தி போடுங்கள். வந்திருந்தால் இரண்டு நாளுக்குள் மூலப் பிரதியோடு அரைப் பக்கக் குறிப்பு வேண்டும்: எந்த ஆண்டு, எவ்வளவு கேட்கிறார்கள், ஏன், கடைசி நாள் எது, நாங்கள் எடுக்க வேண்டிய காகிதம் என்ன, ஒப்புக்கொண்டால் எவ்வளவு, எதிர்த்தால் எவ்வளவு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தேகப் பட்டியலைத் தேதி, தொகை, கணக்கின் பெயரோடு எழுத்தில் கொடுங்கள். நாங்கள் பணம் தர வேண்டியவர்களின் பட்டியலை ஜனவரியில் எங்களோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாகச் சட்டம் போட்டாயிற்று. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரண்டும் போய் ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே நிற்கிறது, பிரிவு எண்களும் மாறுகின்றன. எங்கள் தொழிலுக்கு அதில் எது பொருந்தும் என்பதை மட்டும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

பேலன்ஸ் ஷீட்டைக் கையெழுத்துக்கு ஒரு வாரம் முன்னதாக அனுப்புங்கள், மேலே சொன்ன ‘பணம் எங்கே’ கணக்கையும் ஒரு தாளில் சேர்த்து. கட்டுப்பாட்டு ஓட்டைகளை முதலாளி பெயருக்குக் கடிதமாகக் கொடுங்கள். உங்கள் ஆர்ட்டிகிள் மாணவர்களை அந்தச் சந்திப்புகளில் உட்கார வைத்து, ஒரு பக்கத்தையாவது அவர்களே தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தகவல் தொடர்புத் திறனுக்கென்று அவர்களுக்கு ஒரு வகுப்பே வைத்திருக்கிறீர்கள், அதைப் பழகும் இடம் இதுதான்.

விளக்கத்துக்குச் செலவாகும் நேரத்துக்குக் கட்டணம் வேண்டுமென்றால், எது சேர்த்தி, எது தனி என்று ஒப்பந்தக் கடிதத்தில் தமிழில் எழுதுங்கள். அதைக் கொடுக்கும்படி முதலாளிகளிடம் நாங்களே பேசுகிறோம்.

அடுத்த ஏப்ரல் மாதக் கணக்கிலிருந்து தொடங்கலாம். அதற்கான அந்த நான்கு வரியை மே 16ஆம் தேதி எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
சிறு தொழில்களில் கணக்கு எழுதுவோர்